தோலில்லாப் பறை: என் காதைப் பழக்கிய ஐந்து ஆல்பங்கள்

“எலக்ட்ரானிக் இசை எல்லாம் பப்புக்குப் போகிறவர்களின் சமாச்சாரம். நமக்கெதற்குத் தோழர்?” பயிற்சி முகாம்களில் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இதற்கு நேர் எதிரான கேள்வியும் வரும்: “பறையைத் தூக்கினால் மறுபடி பழைய இடத்துக்குத்தானே தள்ளுவார்கள்? திருவிழாவுக்கு டி.ஜே. வைத்தால்தானே மரியாதை?”

முதல் கேள்வி மெஷினை அடுத்தவன் சொத்தாகப் பார்க்கிறது. இரண்டாவது கேள்வி, மெஷின் நம்மைச் சாதியிலிருந்து கரையேற்றிவிடும் என்று நம்புகிறது. இரண்டுமே வரலாற்றைப் பார்க்காமல் வருபவை. எலக்ட்ரானிக் இசையின் வரலாற்றில் பெரும்பகுதி, வெளியே நிறுத்தப்பட்டவர்களின் வரலாறு. மெஷினால் மட்டும் எந்த இழிவும் தானாக ஒழியவில்லை என்பதும் அதே வரலாற்றில் இருக்கிறது. என் காதைப் பழக்கிய ஐந்து ஆல்பங்களை முன்வைத்து இதைப் பேசலாம். இது சிறந்த ஆல்பங்களின் பட்டியல் இல்லை. ஒவ்வொன்றும் எனக்கு ஒரு பாடம் சொன்னது, அவ்வளவுதான்.

தோல் யாருடையது?

திண்டுக்கல்லிலிருந்தே தொடங்குவோம். பூட்டும் பிரியாணியும் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். தோல் ஷாப்புகளை அவ்வளவாகத் தெரியாது. பேகம்பூர், பொன்னிமாந்துறைப் பக்கம் போனால் காற்றே சொல்லும். தோல் கழிவுநீர் பற்றி 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கொடுத்த புகழ்பெற்ற தீர்ப்பில் பெயர் சொல்லப்பட்ட ஐந்து மாவட்டங்களில் அன்றைய திண்டுக்கல் அண்ணா மாவட்டமும் ஒன்று. சுண்ணாம்புக் குழியில் இறங்கி பச்சைத்தோலைப் புரட்டியவர்களில் பெரும்பாலோர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பறைக்கு இழிவு வந்தது தோலால் என்று நமக்குச் சொல்லப்பட்டது. செத்த மாட்டின் தோல், அதனால் தீட்டு. அப்படியானால் மிருதங்கம்? அதிலும் மாட்டுத்தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல் மூன்றும் இருக்கின்றன. மிருதங்கம் செய்பவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020-ல் ஒரு நூல் எழுதினார். அவர்களில் பெரும்பாலோர் தலித் கிறிஸ்தவர்கள். நூலை வெளியிட முதலில் ஒப்புக்கொண்ட கலாஷேத்ரா, பிறகு அரங்கம் தர மறுத்துவிட்டது. சபாவில் வாசித்தவருக்கு விருது, தோலைச் சீவி வார் பிடித்தவருக்குப் பெயர்கூட இல்லை. ஆக, தீட்டு தோலில் இல்லை. அது ஒரு குறிப்பிட்ட கையின் மேல் ஏற்றி வைக்கப்பட்டது.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. தோலே இல்லாத பறை ஒன்று இருந்தால்? வார் இல்லை, தீயில் காய்ச்சத் தேவையில்லை, பொத்தானை அழுத்தினால் தாளம். அப்போது அந்த இழிவு எங்கே போகும்? டிரம் மெஷின் என்ற கருவியை நான் இந்தக் கேள்வியோடுதான் கேட்க ஆரம்பித்தேன்.

ஒன்று: ‘புன்னகை மன்னன்’, 1986

திண்டுக்கல் 1985 வரை மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது. இன்று தேனி மாவட்டத்தில் இருக்கும் பண்ணைப்புரமும் அப்போது அதே மாவட்டம். அந்த ஊரின் பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடியவர். அவர் குழுவில் தம்பி ராசய்யா ஆர்மோனியம் வாசித்தபடி ஊர் ஊராகச் சுற்றினார். அந்தத் தம்பிதான் இளையராஜா. அவர் தன்னைச் சாதி அடையாளத்துக்குள் வைத்துப் பேசுவதை விரும்பியவரில்லை. அது அவருடைய உரிமை. ஆனால் நம் வட்டாரத்தின் காதை உருவாக்கியவர் அவர் என்பது வரலாறு.

தமிழ் சினிமா இசையில் கணினியைப் பயன்படுத்திய ஆரம்பகாலப் படங்களில் ‘புன்னகை மன்னன்’ முக்கியமானது. அதற்குக் கீபோர்டு பக்கம் நின்ற இளைஞர்தான் பின்னாளைய ஏ.ஆர். ரஹ்மான். அதே 1986-ல் வந்த ‘விக்ரம்’ படத்தின் தலைப்புப் பாட்டும் மின்னணு ஒலிகளால் கட்டப்பட்டது. எங்கள் பக்கத்து ஆட்கள் ‘சிந்தசைசர்’ என்ற சொல்லைக் கேள்விப்படுவதற்கு முன்பே அதன் ஓசையை மனப்பாடம் செய்திருந்தார்கள். கேசட் கடையில் பதிந்து வாங்கிய நாடா, மைக் செட்டில் கட்டிய குழாய் ஸ்பீக்கர், பேருந்துக்குள் அதிரும் டேப். எலக்ட்ரானிக் இசை எங்களுக்குப் பப் வழியாக வரவில்லை. பஸ் வழியாக வந்தது.

அதே காலத்தில் இந்தச் சமவெளியின் எத்தனையோ டீக்கடைகளில் இரட்டைக் குவளை இருந்தது. உள்ளே பெஞ்சில் உட்கார்ந்தவனுக்குக் கண்ணாடி டம்ளர், வெளியே குத்துக்காலிட்டவனுக்குத் தனிக் குவளை. இரண்டு பேருக்கும் மேலே ஒரே ஸ்பீக்கர், ஒரே பாட்டு. காது வழியாக உள்ளே போனது உடம்பு வழியாகப் போக முடியவில்லை. முதல் பாடம் இது: இசை எல்லா இடத்துக்கும் போய்விட்டது என்பதால் மனிதரும் போய்விட்டார் என்று பொருளில்லை.

இரண்டு: சைபோட்ரானின் ‘என்டர்’, 1983

இந்த ஆல்பத்தின் ஊர் அமெரிக்காவின் டெட்ராய்ட். கார் தொழிற்சாலைகளின் நகரம். 1950-ல் 18 லட்சத்துக்கும் மேல் இருந்த மக்கள்தொகை, 1980-ல் 12 லட்சமாகச் சுருங்கியது. வேலையும் வெள்ளையர்களும் நகரத்தை விட்டுப் போனார்கள். தங்கியவர்களில் பெரும்பான்மை கறுப்பின மக்கள். தொழிற்சாலைக்குள் ரோபோ வந்து தகப்பன்மார் வேலையைப் பறித்துக்கொண்டிருந்த நேரத்தில், மகன்கள் மெஷினை வாங்கி இசை செய்தார்கள். ஹுவான் அட்கின்ஸ் என்ற இளைஞரும், வியட்நாம் போருக்குப் போய்வந்த ரிக் டேவிஸும் சேர்ந்ததுதான் சைபோட்ரான். அட்கின்ஸ் பின்னர் டெரிக் மே, கெவின் சாண்டர்சன் ஆகிய நண்பர்களோடு டெக்னோ என்ற இசைவகைக்கு அடித்தளம் போட்டார். மூவரும் கறுப்பினத்தவர்கள். இன்று டெக்னோ என்றால் பெர்லின் நகரத்து வெள்ளை இளைஞர்களின் படம்தான் மனதில் வருகிறது என்றால், அந்தப் படத்தை யார் மாட்டினார்கள் என்று கேளுங்கள்.

இந்த வரலாற்றில் கருவிகளின் கதை முக்கியம். ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி 1980-ல் டி.ஆர்-808 என்ற டிரம் மெஷினை வெளியிட்டது. விலை 1,195 டாலர். வரிசையாகப் பதினாறு பொத்தான்கள். எந்தப் பொத்தான் எரிகிறதோ அந்த இடத்தில் அடி விழும், பதினாறு முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடும். உண்மையான டிரம் மாதிரி ஒலிக்கவில்லை என்று சந்தை அதை ஒதுக்கியது. சுமார் 12,000 மெஷின்களோடு 1983-ல் தயாரிப்பு நின்றது. பழைய பொருள் கடையில் மலிவாகக் கிடைத்ததால் கையில் காசில்லாத கறுப்பின இளைஞர்கள் அதை எடுத்தார்கள். ஹிப் ஹாப், ஹவுஸ், டெக்னோ எல்லாவற்றிலும் அதன் அடி இருக்கிறது. சந்தை கழித்துப் போட்டதிலிருந்து ஒரு நூற்றாண்டின் ஓசை பிறந்தது.

பக்கத்து நகரமான சிகாகோவின் கதையையும் சேர்த்துப் படியுங்கள். 1979 ஜூலை 12 அன்று அங்கே ஒரு பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். டிஸ்கோ அப்போது கறுப்பின, லத்தீன், தன்பாலீர்ப்பு மக்களின் இசையாக அறியப்பட்டது. மைதானத்தில் வேலைபார்த்த வின்ஸ் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர், டிஸ்கோவே இல்லாத கறுப்பினப் பாடகர்களின் தட்டுகளும் அந்தக் குவியலில் வந்து விழுந்ததைப் பார்த்தார். எரிக்கப்பட்டது ஒரு இசைவகை மட்டுமில்லை என்று அவருக்குப் புரிந்தது. சில ஆண்டுகளில் சிகாகோவில் ஹவுஸ் இசையைத் தொடங்கிவைத்தவர்களில் அவரும் ஒருவர்.

வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலைகளில் மெஷின் ஓசையைக் காதில் அடைத்துக்கொண்டு மூன்று வருடம் ‘சுமங்கலித் திட்டத்தில்’ கழித்த நம் பெண்களை நினைத்துக்கொண்டு ‘என்டர்’ கேட்டுப் பாருங்கள். மெஷினின் தாளம் ஒன்றுதான். அதை நிறுத்தவும் ஓடவிடவும் பொத்தான் யார் கையில் என்பதில்தான் அடிமைத்தனமும் விடுதலையும் பிரிகின்றன.

மூன்று: சரண்ஜித் சிங்கின் ‘டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்’, 1982

இந்தியாவுக்கு வருவோம். நாட்டின் முதல் எலக்ட்ரானிக் இசைக்கூடம் 1969-ல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அமைந்தது. அமெரிக்க இசையாளர் டேவிட் டியூடர் வந்து மூக் சிந்தசைசரை நிறுவிக் கொடுத்தார். சில ஆண்டுகள் அருமையான சோதனைகள் நடந்தன. அந்த நாடாக்கள் ஆவணக் காப்பகத்தில் தூங்கி, 2023-ல்தான் தொகுப்பாக வெளியே வந்தன. அரசுப் பணத்தில், உயர்ந்த மதிலுக்குள், அழைக்கப்பட்ட சிலருக்கு மட்டும் திறந்த கதவு அது. அரை நூற்றாண்டு கழித்து நாம் கேட்கிறோம்.

சரண்ஜித் சிங் வேறு மாதிரி. பம்பாய் சினிமா ஒலிப்பதிவுகளில் அடுத்தவர் மெட்டுக்குக் கூலிக்கு வாசித்த கலைஞர். 1982-ல் டி.ஆர்-808, டி.பி-303, ஜூபிட்டர்-8 என்ற மூன்று ரோலண்ட் மெஷின்களை வைத்துப் பத்து ராகங்களைப் பதிந்தார். யாரும் வாங்கவில்லை. 2010-ல் நெதர்லாந்துக்காரர் ஒருவர் மறுவெளியீடு செய்த பிறகு உலகமே ஆச்சரியப்பட்டது. டி.பி-303 மெஷினின் முறுக்கும் ஓசையை வைத்து சிகாகோவின் ஃபியூச்சர் குழு 1987-ல் வெளியிட்ட ‘ஆசிட் ட்ராக்ஸ்’ ஒரு புதிய இசைவகையையே தொடங்கியது. அதற்கு ஐந்து ஆண்டு முன்பே ஏறக்குறைய அதே ஓசை பம்பாயில் கேட்டிருக்கிறது. சரண்ஜித் 2015-ல் இறந்தார். வாழ்வின் கடைசி சில ஆண்டுகளில்தான் அவருக்கு வெளிநாட்டு மேடைகள் கிடைத்தன.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான்: சினிமாவில் தபலா, உறுமி, பறை, கீபோர்டு வாசிக்கும் கைகளுக்குள் பெயரில்லாமல் எத்தனை ஆல்பங்கள் புதைந்து கிடக்கின்றன? யாராவது வெளிநாட்டவர் வந்து தோண்டும்வரை நாம் காத்திருக்க வேண்டுமா?

நான்கு: ட்ரெக்ஸியாவின் ‘தி குவெஸ்ட்’, 1997

மறுபடி டெட்ராய்ட். ஜேம்ஸ் ஸ்டின்சன், ஜெரால்ட் டொனால்ட் இருவரும் ட்ரெக்ஸியா என்ற பெயரில் முகம் காட்டாமல் இசை செய்தார்கள். ‘தி குவெஸ்ட்’ தொகுப்பின் உறைக்குறிப்பில் ஒரு கதை இருக்கிறது. அட்லாண்டிக்கில் அடிமைக் கப்பல்களிலிருந்து நோயாளிகளையும் கர்ப்பிணிப் பெண்களையும் கடலில் தூக்கி எறிந்தார்கள். அந்தக் கர்ப்பிணிகளின் குழந்தைகள் நீருக்கடியிலேயே பிறந்து, தண்ணீரைச் சுவாசிக்கக் கற்று, ஒரு நாட்டை அமைத்திருந்தால் என்ன? அந்த நாடுதான் ட்ரெக்ஸியா. கதை கற்பனை, எறியப்பட்டது உண்மை. 1781-ல் ‘சோங்’ கப்பலிலிருந்து 130-க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களைக் கடலில் எறிந்துவிட்டு அதற்குக் காப்பீட்டுத் தொகை கேட்டு நீதிமன்றம் போனார்கள்.

இந்த ஆல்பம் வந்த அதே 1997-ல், ஜூன் 30 அன்று, நத்தத்துக்கு அடுத்த மேலூர் தாலுகாவில் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் ஐந்து பேரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். தனி ஊராட்சியில் ஒரு தலித் தலைவராக உட்கார்ந்தது அவர் செய்த குற்றம். அதற்கு 29 ஆண்டு முன்பு கீழ்வெண்மணியில் 44 பேர். நம் சாவுகளுக்கு நம்மிடம் ஒப்பாரி இருக்கிறது, அஞ்சலிக் கூட்டம் இருக்கிறது, சுவரொட்டி இருக்கிறது. எல்லாமே இறந்த நாளை நோக்கித் திரும்பி நிற்பவை. ட்ரெக்ஸியா அந்தச் சாவிலிருந்து ஒரு எதிர்காலத்தைக் கட்டியது. பாட்டில் முழக்கம் கிடையாது, பெரும்பாலும் சொற்களே கிடையாது. தண்ணீருக்கடியில் ஓடும் மெஷின் மாதிரி ஒரு தாளம் மட்டும். கொல்லப்பட்டவர்களின் பிள்ளைகள் பலியாட்களாக மட்டும் நினைக்கப்பட வேண்டியதில்லை, விஞ்ஞானிகளாகவும் மாலுமிகளாகவும் கற்பனை செய்யப்படலாம் என்று எனக்குக் காட்டிய இசை இது.

ஐந்து: எம்.ஐ.ஏ.வின் ‘கலா’, 2007

மாதங்கி அருள்பிரகாசம் லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போரால் மறுபடி லண்டனுக்கு அகதியாகப் போனவர். ரோலண்ட் எம்.சி-505 என்ற ஒற்றை மெஷினை வைத்து முதல் ஆல்பத்தின் அடித்தளத்தைப் போட்டார். தந்தையின் இயக்கப் பெயரான ‘அருளர்’ அதன் தலைப்பு. இரண்டாவதான ‘கலா’ தாயின் பெயர். அமெரிக்க விசா சிக்கலால் பல நாடுகளில் அலைந்து பதிந்த ஆல்பம் அது. சென்னையில் உறுமிக்காரர்களை வைத்து ஒலிப்பதிவு செய்தார். ‘பேர்ட் ஃப்ளூ’, ‘பாய்ஸ்’ பாட்டுகளில் அந்த அடி கேட்கும். ‘பாம்பூ பாங்கா’ பாட்டில் ‘தளபதி’ படத்தின் இளையராஜா மெட்டு ஒன்று சாம்பிளாக வருகிறது.

வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து முனக வைக்கும் உறுமியின் ஓசை, லண்டன் கிளப்பின் ஸ்பீக்கரில் சப்வூஃபர் அதிர வெளியே வந்தது. நம் ஊர்க் கொடைகளிலும் சாவுகளிலும் கேட்ட அந்த அடியை, மெஷின் விழுங்கவில்லை. மெஷினுக்குச் சமமாக நின்றது. பறையா மெஷினா என்ற கேள்வியே தவறு என்று சொற்பொழிவு இல்லாமல் நிரூபித்த ஆல்பம் எனக்கு இதுதான். ஒன்றையும் மறந்துவிடக் கூடாது: ஈழத்திலும் சாதி உண்டு. 1968-ல் மாவிட்டபுரம் கோயில் நுழைவுக்காக அங்கே நம் மக்கள் போராடினார்கள். அகதி என்பதால் ஒரு சமூகம் தானாகச் சாதியைக் கழற்றிவிடுவதில்லை.

மறுத்தவர்களும் மீட்டவர்களும்

இப்போது முதல் கேள்விக்குத் திரும்புவோம். தோலில்லாப் பறை வந்த பிறகு இழிவு போய்விட்டதா? 2015 மே மாதம் மகாராஷ்டிராவின் ஷிர்டியில் ஒரு தலித் மாணவர் அடித்துக் கொல்லப்பட்டார். காரணம், அவர் செல்போனில் ரிங்டோனாக ஒலித்த அம்பேத்கர் பாட்டு. ரிங்டோனில் தோல் இல்லை, வார் இல்லை. தொட்டால் ஒட்டிக்கொள்ளும் எதுவும் இல்லை. ஆனாலும் கொன்றார்கள். சாதிக்குத் தேவைப்பட்டது ஒரு காரணம் மட்டும்தான். தோல் அந்தக் காரணங்களில் ஒன்று.

இதை நம் முன்னோர்கள் நன்றாகப் புரிந்து வைத்திருந்தார்கள். காட்டுமன்னார்கோயில் பக்கம் எல். இளையபெருமாள் பறையடிக்கும் கட்டாயத்தை எதிர்த்துப் போராடினார். “உங்கள் சாவுக்கு நாங்கள் பறையடிக்க மாட்டோம்” என்று மறுத்த சேரிகள் தாக்கப்பட்டன. அவர்கள் எதிர்த்தது கருவியையா? கட்டாயத்தை. பிறகு 1990-களில் அதே பறையை நம் இயக்கங்கள் மேடையேற்றின. அதே 1990-ல்தான் நம் திண்டுக்கல்லில் சிஸ்டர் சந்திரா சக்தி கலைக்குழுவைத் தொடங்கினார். பள்ளியை இடையில் விட்ட தலித் பெண்கள் அங்கே பறை கற்று, ஆண்கள் மட்டுமே அடித்த கருவியைக் கையில் எடுத்து நடுத்தெருவில் ஆடினார்கள். மறுத்த தலைமுறையும் மீட்ட தலைமுறையும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. இரண்டு பேரும் கேட்டது ஒன்றுதான்: அடிப்பதா வேண்டாமா என்பதை நாங்கள் முடிவு செய்வோம்.

மெஷினுக்கும் அதே அளவுகோல்தான். இன்று ஒரு செல்போனும் இலவசச் செயலியும் இருந்தால் போதும், நத்தத்திலோ நிலக்கோட்டையிலோ உட்கார்ந்து ஒரு ஆல்பத்தையே முடித்துவிடலாம். செய்யுங்கள். ஆனால் அதோடு ஒரு கடமையும் வருகிறது. சாம்பிள் என்ற பெயரில் பெரியவர்களின் அடியை வெட்டி எடுத்து “நாட்டுப்புறத் தாளம்” என்று பெயரில்லாமல் போடும் பழக்கம் பெருகிவிட்டது. மிருதங்கம் செய்தவருக்குச் சபா செய்ததை நாம் நம் பறைக்காரருக்குச் செய்துவிடக் கூடாது.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, வணிகப் பயன்பாட்டில் நிகழ்த்துகலைஞருக்கு ராயல்டி உரிமை உண்டு. 38-பி பிரிவு, “இதை நிகழ்த்தியவர் நான்” என்று தன் பெயரைக் கோரும் உரிமையைத் தருகிறது. சாவு வீட்டில் பறையடிக்கும் தாத்தாவுக்கும் அந்த உரிமை உண்டு, ஸ்டுடியோவில் உறுமி வாசிக்கும் அண்ணனுக்கும் உண்டு. அவர்களிடம் யாரும் அதைச் சொல்வதில்லை.

ஆகவே அடுத்த முறை ஒரு அடியைப் பதியும்போது சில வேலைகளைச் சேர்த்துச் செய்யுங்கள். ரெக்கார்டரை இயக்குவதற்கு முன் அனுமதி கேளுங்கள். அடித்தவர் பெயர், ஊர், தேதி, அடியின் பெயர் நான்கையும் அவர் வாயாலேயே சொல்ல வைத்து முதலில் பதியுங்கள். பாட்டை வெளியிடும்போது உங்கள் பெயருக்குப் பக்கத்தில் அதே எழுத்தளவில் அவர் பெயரைப் போடுங்கள். பணம் வந்தால் எத்தனை பங்கு என்று முதலிலேயே பேசிக் காகிதத்தில் எழுதி, ஒரு பிரதியை அவர் வீட்டில் கொடுங்கள். கோப்பை இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துங்கள். நம் சாம்பிள்களுக்கு ஒரு பொதுச் சேமிப்பைத் தொடங்க விரும்பும் மாணவர்கள் திண்டுக்கல், நிலக்கோட்டை, வேடசந்தூர், நத்தம் என்று தாலுகா வாரியாகப் பிரித்துக்கொண்டு இந்தத் திருவிழாக் காலத்திலேயே ஆரம்பித்துவிடலாம்.